ஏழாவது ஊசி

மகளுக்கு,

அன்று உன்னிடம் கத்தியது தப்பு என்று எழுதமாட்டேன்.

தூண்டில் முள்ளில் ஊசியால் நூலைப் பின்னி, மீனை ஏமாற்றும் பொய்ப் பூச்சி கட்ட நானாகத்தான் கற்றேன். ஊசியில் நூல் கோக்க மட்டும் கண் ஒத்துழைக்காது. அதை உன் அம்மாதான் செய்வாள். "மீனையே ஏமாத்துறவரு ஊசிக் காதுகிட்ட தோத்துப்போறாரே!" என்று சிரிப்பாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் ஏழு ஊசிகள் கோத்து வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை.

ஆறு ஊசி நூலும் பூச்சிகளில் தீர்ந்தது. ஏழாவதை நான் தொடவில்லை. நீ அதை எடுத்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டாய். உனக்குத் தெரியாதுதான், நானும் சொல்லவில்லை.

அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவில்லை.

ஊசி கோக்கும் கருவி எதையும் வாங்கி அனுப்பாதே. நீ வந்து கோத்துக் கொடு.

இப்படிக்கு,
கோபம் தீராத அப்பா