உள்ளே லைட், வெளியே இருட்டு

அன்பு மகள் ரந்தாவுக்கு,

ஸஹ்லேயிலிருந்து அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். எப்போதும் நலமாக இருக்கிறோம் என்று எழுதுகிறவள் இந்த முறை இப்படி எழுதுகிறாளே என்று பதறாதே, சொல்கிறேன். நீயும் வாலிதும் எப்படி இருக்கிறீர்கள், வயிற்றுப் பிள்ளை நன்றாக உதைக்கிறதா, கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறை என்று சொன்னேன், ஊறுகாய் ஜாடியைக் காலிசெய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாய், எனக்குத் தெரியாதா. போன் இருக்கும்போது ஏன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. பக்கத்து வீட்டு ஸபாவின் மகன் செவ்வாய்க்கிழமை சிட்னிக்குக் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே தயிரில் கோதுமையை ஊறவைத்துக் காயவைத்து அரைத்த கிஷ்க் மாவும் காய்ந்த புதினாவும் கொடுக்கலாம் என்று பொட்டலம் கட்டினேன், உங்கள் ஊர் விமான நிலையத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போடுவார்களாம், பையன் கைகூப்பி மாட்டேன் என்றுவிட்டான். அதனால் அம்மாவின் பயம் மட்டும் வருகிறது. அதற்கு யாரும் தடை போடவில்லை.

உன் அண்ணி ஜுமானா போன வாரம் என்னோடு உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே வாயை விட்டுவிட்டாள். அவளைத் திட்டாதே, நீ சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாயாமே, பாவம், சொன்ன பிறகு முகம் செத்துவிட்டது. நீ வேலை முடிந்து அந்த மலையிலிருந்து இறங்கும்போது, மழையில், இருட்டுகிற நேரத்தில், குடித்திருக்கிறார்களா என்று பார்க்கப் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி ஊதச் சொன்னார்களாம். நீ உடனே ஹெட்லைட்டை அணைத்து, காருக்குள் லைட்டைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அந்தப் போலீஸ்காரப் பெண் "ஏம்மா, நான் என்ன உன்னைச் சுடவா போறேன்?" என்று சிரித்தாளாம். நீயும் சிரித்துவிட்டு, ஊதிவிட்டு, அவர்கள் அங்கே போட்டிருந்த பெரிய விளக்கு வெளிச்சத்தில் உன் லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியாமல் கிளம்பிவிட்டாயாம். அப்புறம் கொஞ்ச தூரத்தில் உன் பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக்கை மிதித்து, வண்டி வழுக்கி, உன் டிக்கிக்கு ஒரு முழத்தில் வந்து நின்றதாம். ஆறு மாத வயிற்றோடு இருக்கிறாயடி. இதை என்னிடம் சொல்லாமல் ஜுமானாவிடம் சொல்லியிருக்கிறாய்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, காபிக் கோப்பையை வைத்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எம் பொண்ணுடி! ஆஸ்திரேலியாவுக்குப் போயும் மூஞ்சியக் காட்டித்தான் நின்னிருக்கா பாரு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோப்பையை எடுத்து வீசியிருப்பேன், மாமியார் கொடுத்த செட் என்று விட்டேன். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பெய்ரூட் வேன் ஓட்டிப் பிழைத்த மனுஷன், செக்போஸ்டில் லைட்டை அணைக்காமல் நெருங்கினவனுக்கு உள்நாட்டுச் சண்டை நடந்த அந்தக் காலத்தில் என்ன ஆனது என்பதைக் கண்ணால் பார்த்தவர். பட்டாளத்துக்காரனுக்கும் பயம் இருக்கிறது, அவன் கண்ணைக் கூசவைக்காதே, உன் முகத்தைக் காட்டு, கையைக் காட்டு என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது உயிர் பிழைக்கத்தான். நம் லெபனானில் பிள்ளைகள் பிரேக் எது என்று தெரிவதற்கு முன்னாலேயே இதைத் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் போகும்போது மறுபடி லைட்டைப் போடு என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. செக்போஸ்டைத் தாண்டினால் போதும், தப்பித்தோம் என்று ஒரு பெருமூச்சு, அதோடு எல்லாம் மறந்துபோகிறது.

இப்போது எங்கள் கதையைக் கேள். சனிக்கிழமை உன் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு பெய்ரூட் போனோம். மாப்பிள்ளை நல்ல பையன், காதுதான் கொஞ்சம் பெரிசு. சாப்பாடு முடிந்ததும் மலையில் வானிலை கெடுகிறது, இருட்டுவதற்குள் கிளம்புங்கள் என்று எல்லோரும் துரத்தினார்கள். பாதி மலைகூட ஏறவில்லை, அலேயிலேயே மழை பிடித்துக்கொண்டது. உன் கதை கேட்டதிலிருந்து மழையைக் கண்டாலே எனக்குப் பயம், லைட்டைப் போடுங்கள் என்றேன். "பட்டப்பகல்ல லைட்டா? நாம என்ன கல்யாண ஊர்வலமா போறோம்?" என்றார். ஸோஃபர் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. மாவுச் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினதுபோல ரோடே இல்லை. முன்னால் போகிற வண்டிகள் எல்லாம் நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தன, எது ஓடுகிறது எது நிற்கிறது என்று ஒன்றும் புரியவில்லை. நான் கன்னி மரியாளைக் கூப்பிட ஆரம்பித்ததும், மரியாளைக் கூப்பிடுகிற சத்தம் தாங்காமல் ஹெட்லைட்டைப் போட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

மலை உச்சியில் தஹ்ருல் பைதர் செக்போஸ்டில் நின்றோம். அப்பா வழக்கம்போல ஹெட்லைட்டை அணைத்தார், உள்ளே லைட்டைப் போட்டார், கண்ணாடியை இறக்கி, "கடவுள் தெம்பு குடுக்கட்டும் தம்பி" என்றார். பட்டாளத்துச் சின்னப் பையன், மூக்கு சிவந்து நடுங்கிக்கொண்டு நின்றான், "போங்க மாமா, பாத்துப் போங்க" என்று கையை ஆட்டினான். அப்பா கிளம்பும்போதே நிச்சயதார்த்த வீட்டுச் சாப்பாட்டில் ஆரம்பித்துவிட்டார். கிப்பே இறைச்சி உருண்டையில் பைன் விதையே இல்லை, காசை எல்லாம் பூவுக்குக் கொட்டிவிட்டார்கள், அந்தச் சம்பந்தி தானே எடுத்துத் தானே தின்கிறான் என்று ஒரே வம்பு. நானும் சிரித்தேன் ரந்தா. லைட் போட்டாயிற்று என்ற நிம்மதியில் இருந்தேன். உள்ளே லைட் எரிந்துகொண்டே இருந்தது, முன் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது, தலை கலைந்திருக்கிறதே என்று முடியைச் சரிசெய்தேன். அப்படிப்பட்ட கழுதை நான். மூட்டம் அதிகமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வளைவில் இறங்குகிறோம். கீழேயிருந்து ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறுகிறது, அதன் லைட் மங்கலாகத் தெரிந்தது. திடீரென்று அந்த லாரியின் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு லைட் எங்கள் நேருக்கு நேராக வந்துவிட்டது. ஒரு பிக்கப் வண்டி, லாரியை முந்திக்கொண்டு எங்கள் பாதையிலேயே வருகிறது. அப்பா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. மலைப்பக்கம் ஒடித்திருக்கிறார். என் பக்கக் கதவு பாறையில் உராய்ந்து அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. பிக்கப் எங்களுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து போயிற்று, போகும்போது அப்பா பக்கத்துக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நான் செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்பா என் கையைப் பிடித்து, "நுஹாத், பேசு, ஏதாவது பேசுடி" என்றார். நான் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பிக்கப்காரன் மேலே வண்டியை நிறுத்திவிட்டு மழையில் நடந்து வந்தான். நம் பெக்கா பள்ளத்தாக்கு ஆள்தான், உன் அண்ணன் வயது இருக்கும். அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். கிட்டே வந்தால் அழுகிறான். "எதிர்ல யாருமே இல்லன்னு நெனச்சுத்தான் ஏறினேன் பெரியவரே, ரோடு காலின்னு நெனச்சேன், என் வண்டிக்குள்ள மூணு புள்ளைங்க இருக்குதுங்க" என்றான். அப்பா கோபத்தில் இறங்கி, "காலியா? நான் இவ்ளோ பெரிய வண்டி ஓட்டிட்டு வர்றேன், கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினார். "லைட் இல்லாம வந்தா எப்படிங்க தெரியும்?" என்றான் அவன். "லைட் போட்டுத்தான் வந்தேன், இவளைக் கேளு" என்றார் இவர். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் அப்பாவின் கையைப் பிடித்துக் காருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். ஹெட்லைட் இரண்டும் இருட்டு. உள்ளே நான் மட்டும் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "வீட்டுக்குள்ள உக்காந்த மாதிரி உள்ள லைட்டைப் போட்டுட்டு, வெளிய இருட்டா வர்றீங்களே, நீங்க என்னைப் பாத்தீங்க, நான் உங்களை எங்கய்யா பாத்தேன்?" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

உன் அப்பா குனிந்து இரண்டு லைட்டையும் கையால் தொட்டுப் பார்த்தார். அந்த ஆளின் மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள், எங்களைத் திட்டக்கூட இல்லை, வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் அந்தக் குழந்தையின் தொப்பி நனைந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உன் நினைப்புதான் வந்தது. கடைசியில் அந்தப் பிக்கப்காரனே எங்கள் காருக்குள் கையை விட்டு உள்லைட்டை அணைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, முன்னால் போய்ப் பார்த்துவிட்டு, "இப்ப போங்க" என்றான். அப்பா சாவியைத் திருப்பாமல் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டார். குண்டு விழுந்த காலத்தில்கூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கண்ணை மூடினால் எனக்கு எங்கள் கார் தெரிவதில்லை, உன் கார்தான் தெரிகிறது. மழை, மலை, உள்ளே லைட்டில் நீ வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், வெளியே ஒருவனுக்கும் நீ தெரியவில்லை. மழை பெய்தால் பயம், பெய்யாவிட்டால் அங்கே பெய்கிறதோ என்று பயம். ஆகவே அம்மா சொல்வதைக் கேள். கண்ணாடியில் துடைப்பான் ஓடினால் ஹெட்லைட்டும் எரிய வேண்டும், பகலா ராத்திரியா என்று பார்க்காதே. இப்போது உள்ள கார் தானே லைட் போட்டுக்கொள்ளும் என்று வாலித் சொன்னானாம், அவனிடம் சொல், காருக்கு இருட்டுதான் தெரியும், மழையும் மூட்டமும் தெரியாது, வெளிச்சமாக இருக்கிறது என்று அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். உன் கையால் திருகிப் போடு. முன்னால் எரிந்தால் போதாது, பின்னாலும் எரிய வேண்டும். மூட்டத்தில் தூரத்து லைட்டைப் போடாதே, அது நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். நாலு இண்டிகேட்டரையும் மினுக்க விட்டுக்கொண்டு ஓட்டாதே, அது நின்றுபோன வண்டிக்கு. அங்கே ஒரு போலீஸ்காரனும் உன்னிடம் லைட்டை அணைக்கச் சொல்லவில்லை, நீயாக அணைக்காதே. பழக்கத்தில் கை போய்விட்டால், மறுபடி போடாமல் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே. முடியவில்லையா, பிள்ளை பிறக்கும்வரை வேலையை விடு. மானம் மரியாதை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று கதவை நிமிர்த்த ஆளைப் பார்க்க அந்தப் பக்கம் மறுபடி போக வேண்டியிருந்தது. செக்போஸ்டில் அப்பா லைட்டை அணைத்தார், முகத்தைக் காட்டினார், அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு நகரவே இல்லை. "தம்பி, ஒரு உதவி, முன்னால போயி ரெண்டும் எரியுதான்னு பாத்துச் சொல்லு" என்றார். பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கிறது. அங்கே நின்ற பட்டாளத்துப் பையன் துப்பாக்கியோடு நடந்துபோய்க் குனிந்து பார்த்து, "எரியுது மாமா, பின்னாடியும் எரியுது, கிளம்புங்க சாமி" என்று கும்பிட்டான். நான் வெட்கப்படவில்லை. இனி உலகமே ஹாரன் அடித்தாலும் வெட்கப்படமாட்டேன்.

அப்பா உன்னோடு போனில் பேசாமல் ஏதோ சாக்குச் சொல்கிறாரே என்று நினைக்காதே. பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று என்னிடம் சொன்னார். சிட்னியில் இப்போது என்ன மணி, அங்கே மழையா என்று மட்டும் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கடவுள் உன் முன்னாலும் பின்னாலும் நடக்கட்டும், உன் வயிற்றில் இருப்பது சுகமாகப் பூமியில் இறங்கட்டும், வாலிதுக்கு என் முத்தம். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், சோறு அடுப்பில் இருந்தாலும் அணைத்துவிட்டுக் காருக்குப் போ. வாலிதை வெளியே நிற்க வைத்து முன்னாலும் பின்னாலும் எரிகிறதா என்று பார்க்கச் சொல். பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடு, இங்கே எந்த நேரமானாலும் சரி.

இன்னும் ஒன்று, ரந்தா. நீ சின்னவளாக இருந்தபோது பால் குடித்தால் "நீ என்னைப் புதைக்கணும்!", சிரித்தால் "நீ என்னைப் புதைக்கணும்!" என்று நாள் முழுக்கச் சொல்லிக் கொஞ்சியிருக்கிறேன், நம் ஊரில் எல்லா அம்மாவும் சொல்வதுதான், வாய்ப்பழக்கத்தில் வந்தது. இப்போது வாய்ப்பழக்கத்தில் சொல்லவில்லை. நீதான் என்னைப் புதைக்க வேண்டும் மகளே. நான் உன்னை அல்ல.

உன் அம்மா,
நுஹாத்