‘க’வில் நின்ற பதினொரு வினாடி

செவ்வாய், 4

காலையிலிருந்து மழை. கொழும்பு வெள்ளவத்தை ஸ்டூடியோவுக்குள் ஈரத்துணி வாடை. கஜானியின் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டும் வேலை இன்று தொடக்கம். வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும், சனி அவள் மாப்பிள்ளையோடு மெல்பேர்ன் போகிறாள்.

செய்ய: தலைப்பு. தாலி கட்டு. அப்பாவின் பேச்சு. கீபோர்ட் துடைக்க (கடற்காற்றில் Q ஒட்டுகிறது).

மத்தியானம் கஜானியின் அப்பா கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். இனி இந்தக் குறிப்பில் அவர் க.அ. கதிரை நுனியில் உட்கார்ந்தார். திக்குவாய்.

“பிள்ளை, நான் தி... திக்கின இடமெல்லாம் வெட்டிவிடுங்கோ. அங்க சம்பந்தி ஆக்கள் பாப்பினம்.”

“ஓம் அங்கிள். ஒருத்தருக்கும் தெரியாது.”

இதில் நான் கெட்டிக்காரி.

புதன், 5

மழை விட்டது. பேச்சில் கை வைத்தேன். Q அடித்தால் திரையில் ஓடும் கோட்டுக்கு முன்னால் உள்ளது போய், மிச்சம் வந்து ஒட்டிக்கொள்ளும். W அடித்தால் பின்னால் உள்ளது போகும். மவுஸ் தொடத் தேவையில்லை, இரண்டு விரல் போதும். நாலு நிமிடப் பேச்சு ஒரு நிமிடம் பத்து வினாடி ஆனது. க.அ. ரேடியோ அறிவிப்பாளர் மாதிரிப் பேசுகிறார். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நடுவில் ஒரு கூத்து. தலைப்பைத் திருத்திவிட்டு எழுத்துப் பெட்டியிலிருந்து வெளியே வராமலே Q, W அடித்திருக்கிறேன். பாமினி எழுத்துருவில் அவை ங, ற. திரையில் ‘கஜானிஙறஙற’. பெயரே திக்கத் தொடங்கிவிட்டது.

முதலாளி சுரேன் அண்ணா எட்டிப் பார்த்தார். “நல்ல பேர். இதையே வைப்பம்.”

சோத்துப் பார்சலில் இன்றும் மீன் வால்தான்.

வெள்ளி, 7

நல்ல வெயில். க.அ. தனியாக வந்தார். கஜானி பெட்டி அடுக்குகிறாளாம். பேச்சைப் போட்டுக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். திரும்பப் போடச் சொன்னார். பிறகு,

“பிள்ளை நிண்டவ எல்லோ. அது எங்க?”

“ஆர் அங்கிள்?”

“க... க... கஜானி. எனக்கு அவவின்ர பேர்தான் வாயில வராது. மற்ற ஆக்கள் தாங்களே சொல்லை எ... எடுத்துக் குடுத்திடுவினம். அவ குடுக்கமாட்டா. சின்னனில இருந்தே, நான் சொல்லி முடிக்குமட்டும் பா... பாத்துக்கொண்டு நிப்பா.”

வெட்டியது எங்கும் போகவில்லை, காட்சித் துண்டின் ஓரத்துக்குள் மடிந்து கிடக்கிறது என்றேன். ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். வந்தது. ‘க’வில் வாய் திறந்தபடி க.அ. பக்கத்தில் மாலையோடு கஜானி, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு. அவசரமே இல்லை அவளுக்கு. பதினொரு வினாடி. புதனன்று சத்தத்தின் அலைக்கோட்டைப் பார்த்தே வெட்டியிருக்கிறேன், அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

“அப்ப சம்பந்தி ஆக்கள்?”

“பா... பாக்கட்டும்.”

எல்லாவற்றையும் இழுத்து வைத்தேன். பழையபடி நாலு நிமிடம். பின்னால் ரயில் போனது. சேமிக்கப் போனால் கணினி கோப்புக்குப் பெயர் கேட்டது. “என்ன பேர் போடுறது அங்கிள்?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“க...” என்று தொடங்கினார்.

எனக்குத் தெரிந்த பெயர்தான். விரலும் கீபோர்டில்தான் இருந்தது. அடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.