தலையணை உறைக் கணக்கு

கண்ணா,

நானும் அப்பாவும் சுகம். என் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது, ஒழிந்தது என்றால் பதிலில் முதல் வரியிலேயே அதை எழுது.

நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. இரண்டு வருடமாக மாதாமாதம் நம் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை என்றாய், கோடு நடுவில் கொஞ்சம் இறங்கினாலும் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. அப்பா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார், பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை. இதைப் பார்த்துத்தான் நீ அங்கே வேலையை விட்டுவிட்டு வந்து, கடற்கரைச் சாலையில் அந்தப் பன்னிரண்டு அறை விடுதியைக் குத்தகைக்கு எடுக்கப் போகிறாய், உன் சிநேகிதன், அந்த வாயாடி, கையெழுத்துக்கு அவசரப்படுத்துகிறான். "புள்ள ஒம்பது வருஷம் கழிச்சு ஊருக்கே வந்துடறேங்கிறான், நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று அப்பா கேட்கிறார். அவருக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

ஹோட்டல் சலவை அறையில் எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வரைபடம் தெரியாது, தலையணை உறை தெரியும். ஒரு ஆள் ஒரு ராத்திரி தங்கினால் ஒரு உறை, மூட்டையை அவிழ்த்து எண்ணி நோட்டில் எழுதிய பிறகுதான் மெஷினில் போடுவேன். உன் கோட்டைப் பார்த்ததும் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். நீ ஜூனையும் டிசம்பரையும் பக்கத்தில் வைத்து ஏறுகிறது என்கிறாய், டிசம்பரில் எந்த வருடமடா ஏறவில்லை? போன டிசம்பரை அதற்கு முந்தின டிசம்பரோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் உன் தாளில் ஏற்றம்தான், என் நோட்டிலோ நாலில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நான்தான் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். பிறகு வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன். "ஆளு நிறையத்தான் வர்றாங்கக்கா, ஆனா பாதிப் பேரு பெரிய கப்பல்ல காலையில வந்து சாயங்காலம் போயிடறாங்க, சாப்பாடு படுக்கை எல்லாம் அதுலயே" என்றாள். கப்பலிலிருந்து இறங்கிக் கால் வைத்தாலே உன் தாளில் ஒரு ஆளாம். இறங்கினவர்கள் எல்லாம் தூங்குகிறவர்கள் இல்லை கண்ணா. எங்கள் ஹோட்டலிலேயே ஒரு மாடியைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

இதை நாலு நாளாக எழுதாமல் இருந்தேன். எழுதாவிட்டால் நீ வந்துவிடுவாய், அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. நீ வர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காகக் காலி அறைகளுக்கு நடுவில் உன்னை உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

அதனால் ஒன்று செய். குத்தகைப் பணம் பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும், அதனால் கூட்டம் இல்லாத ஜூனில் லீவு போட்டுவிட்டு வா. அந்த விடுதிக்கு எதிரில் சாயங்காலம் நில், பன்னிரண்டு பால்கனியில் எத்தனையில் துண்டு காய்கிறது என்று ஒரு வாரம் நீயே எண்ணிப் பார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நீ நீச்சல் பழகும்போதே சொன்னவள் நான். எண்ணின பிறகும் எடுப்பேன் என்றால் எடு, உன் விடுதித் துணிக்கு நான் பொறுப்பு, முழங்கால் என்ன சொன்னாலும் சரி. அப்பாவிடம் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், வரைபடத்தை அவர் கழற்ற மாட்டார், இருக்கட்டும்.

நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நன்றாக இரு. ஜூனுக்கு முன்னால் எதிலும் கையெழுத்துப் போடாதே, வாயாடி தலைகீழாக நின்றாலும் சரி. உன் அறைத் தலையணைக்கு இன்று காலையிலேயே புது உறை போட்டுவிட்டேன். அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா