ஆசீர்வாதப்பரின் தங்கை

பிப்ரவரி 1, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கிறிஸ்டோ பேச்சை எடுத்தேன். அப்பாவைச் சட்டைகூட மாற்ற விடவில்லை, அது என் அவசரம். கிறிஸ்டோ என்னோடு தினமும் பெங்களூரு ரயிலில் வருகிறவன். வீடு இங்கேயே, நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில். தங்கமான பையன், ஆனால் புராட்டஸ்டண்ட். அப்பாவோ தங்கச் சுரங்க ஷாஃப்டில் இறங்கிய காலத்திலிருந்து சட்டைப்பையில் அந்தோணியார் படம் வைத்திருப்பவர்.

“மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தாத வூட்டுக்கு எம்பொண்ணு இன்னாத்துக்குப் போவணும்?”

அவ்வளவுதான். இட்லி ஆறிப்போனது.

பிப்ரவரி 4

அப்பா இப்போது டிவியோடு மட்டும்தான் பேசுகிறார்.

பிப்ரவரி 7

செவ்வாய்க்கிழமை அம்மாவின் நினைவுப் பூசைக்கு ஸ்டீவன் அண்ணன் வருகிறான். ஆசீர்வாதப்பர் என்ற புனிதர் தொடங்கிய சபையில் துறவி. அந்தோணியாருக்கு அடுத்து அப்பா மதிப்பது அவன் பேச்சைத்தான். ஆனால் அண்ணன் துரை மாதிரி வருவான், சாப்பிடுவான், மாலை ஜெபத்துக்கு மடத்தில் இருக்கணும் என்று மத்தியான ரயிலைப் பிடிப்பான். போன வருஷம் வாயில் பாயசத்தோடு ஓடினான்.

அன்றைக்கு யார் திருநாள் தெரியுமா? ஸ்கொலாஸ்திக்கா! ஆசீர்வாதப்பரின் சொந்தத் தங்கை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் அண்ணனைப் பார்ப்பாராம். ‘இன்னும் கொஞ்சம் பேசிக்கிட்டு இருப்போமே’ என்று கெஞ்ச, ‘மடத்து ஒழுங்கு’ என்று அவர் எழ, இந்தம்மா கைகூப்பித் தலைகுனிந்ததும் அப்படி ஒரு இடி, மழை. விடியும்வரை அண்ணன் நகரவில்லை.

எனக்கும் ஒரு மழை வேணும் தாயே.

பிப்ரவரி 10

மழையா! வெயில் மண்டையைப் பிளந்தது. வேறு வழியில்லாமல் அண்ணன் செருப்பை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவிட்டேன்.

“வினோ, செருப்ப எங்கடி வெச்ச?”

அடுப்படியில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன். அழுகை வேறு. கேட்டு முடித்துவிட்டுச் சிரிக்கிறான், பாவி!

“அவங்க மழைய கேட்டாங்க. நீ செருப்பத் தூக்கிட்டியா?”

“சிரிக்காதண்ணா. இருந்து அப்பாகிட்ட பேசு.”

“இருக்க முடியாதும்மா. செருப்பு அங்கேயே கெடக்கட்டும்.” பிறகு முன்கட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்: “அப்பா, உங்க பழைய பூட்ஸக் குடுங்க. ஸ்டேஷன் வரைக்கும் கூட வாங்க, அங்க கழட்டிக் குடுத்துடறேன்.”

வெள்ளை அங்கியும் சுரங்க பூட்ஸுமாக அவன் போக, பக்கத்தில் அப்பா. நான் வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதைக் காலடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வெறுங்காலோட ரயில் ஏறிட்டாண்டி. கேட்டா, ‘அன்னிக்குக் கடவுளே தங்கச்சி பக்கந்தான் நின்னாரு, நீங்க நிக்கக் கூடாதா’ன்றான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கெழம அந்தப் பையன வரச் சொல்லு.”

அண்ணா, நீ நல்லா இருக்கணும்.

பிப்ரவரி 15

கிறிஸ்டோ வந்தான். அப்பா எடுத்த எடுப்பிலேயே புனிதர்கள் பாடத்தில் பரீட்சை வைத்தார்.

“அசிசியார தெரியுமா?”

“ஓநாய்கிட்ட பேசினவர்தானே, அங்கிள்?”

“ம். கொஞ்சம் சரக்கு இருக்குது.”

போகும்போது வேர்வையில் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாவம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வேறு சபைப் பையனைக் கட்டிக்கொள்ள ஆயர் (பிஷப்) அனுமதி போன வாரம் வந்தது. இன்று கோயிலில் எங்களுக்கு முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தார்கள். ‘இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்’ என்று சாமியார் சொன்னதும், அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து, இடுப்பில் கைவைத்து, கோயில் முழுக்க ஒரு பார்வை பார்த்தார்.

“எவனாச்சும் வாயத் தொறக்கட்டும், பாக்கறேன்.”