பென்சில் குறி போட்ட இடம்

11 ஜூன் 1983

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. சயின்ஸில் எண்பத்தொன்பது. கீழ்வீட்டு மல்ஹோத்ரா ஆன்ட்டி வரைக்கும் அப்பா லட்டு கொடுத்துவிட்டு வந்தார், எங்காத்துல டாக்டர் ரெடி என்று சொல்லி. நானும் சிரித்தேன். எட்டு வயசிலிருந்து நானே சொல்லிக்கொண்டு திரிந்த பேச்சுதானே.

பிப்ரவரியில் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன். பெரிய கிளாஸ் அக்காக்களின் லேபில் எட்டிப் பார்த்தேன். மெழுகுத் தட்டில் ஒரு தவளை, நாலு காலிலும் ஊசி. நெஞ்சைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. குழாயடிக்கு ஓடி வாந்தியெடுத்தேன்.

20 ஜூன்

பதினொன்றாம் வகுப்புக்கு ஃபாரம் கொடுத்துவிட்டார்கள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லோருக்கும் உண்டு. அதோடு மேத்ஸா, பயாலஜியா, ஏதாவது ஒன்று. பயாலஜி இல்லாமல் மெடிக்கல் என்ட்ரன்ஸ் எழுதவே முடியாது. பயாலஜி எடுத்தால் இரண்டு வருஷமும் கத்திரி, ஊசி, தவளை.

ராத்திரி சாதம் இறங்கவில்லை. அம்மா வெயில் என்று நினைத்து மோரைக் கரைத்துக் கொடுத்தாள்.

27 ஜூன்

பண்ணிவிட்டேன். கடவுளே.

அப்பா மினிஸ்ட்ரியில் செக்ஷன் ஆபீசர். குமாஸ்தாக்கள் பென்சிலில் சின்னதாகப் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுப் போட்டு அவருக்குக் கை தானாகப் போய்விடும். ஃபாரத்தில் மேத்ஸ் என்று எழுதினேன். கீழே பென்சிலில் குறி போட்டேன். ஆபீஸுக்குப் போகிற சார்ட்டர்டு பஸ் வருகிற நேரம் பார்த்து நீட்டினேன். படிக்கவே இல்லை. ஆர். வேதாந்தம் என்று முத்து முத்தாகப் போட்டுவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினார்.

படித்திருக்கக் கூடாதாப்பா நீ?

28 ஜூன்

ஃபாரத்தைப் பள்ளிக்கூட கிளார்க் பட்டாபி சாரிடம் கொடுத்தாயிற்று. சாயங்காலம் அப்பா கேட்கிறார், ஃபைலில் வைக்க ஆபீஸ் காப்பி எங்கே என்று! இந்த வீட்டில் காஸ் கனெக்‌ஷனுக்கு எழுதின கடிதத்துக்குக்கூட ஆபீஸ் காப்பி உண்டு. நான் எப்படி மறந்தேன்? உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். காப்பியில் பயாலஜி என்று. 'ஜலஜா – படிப்பு' ஃபைலில் கோத்துவிட்டார்.

இப்போது ஒன்றுக்கு இரண்டு பொய்.

5 ஜூலை

அப்பா நயி சடக் புத்தகக் கடைத் தெருவுக்குப் போய்ப் பழைய பயாலஜி புத்தகமும் ஒரு டிசெக்‌ஷன் பாக்ஸும் வாங்கி வந்திருக்கிறார். உயிரை அறுக்கிற சாமானை ஆத்துக்குள்ளே சேர்க்கமாட்டேன் என்றாள் அம்மா. பாக்ஸ் செருப்பு ஷெல்ஃபில் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்க்கிறது.

12 ஜூலை

லிஸ்ட் ஒட்டிவிட்டார்கள். மேத்ஸ் வரிசையில் என் பெயர் இருந்ததை அப்பாவே போய்ப் பார்த்துவிட்டார். என் மேல் துளி சந்தேகமில்லை. பட்டாபி தப்பா ஏத்திட்டான், காப்பி கையில இருக்கு, அவனுக்கு மெமோ கொடுக்க வைக்கிறேன் பார் என்கிறார். நாளைக்கு அரை நாள் லீவாம்.

பட்டாபி சாருக்கு அடுத்த வருஷம் ரிடயர்மென்ட். என்னால்... ஐயோ, என்ன பண்ணப்போறேன்?

13 ஜூலை

கக்கத்தில் ஃபைலோடு அப்பா விறுவிறுவென்று நடந்தார். பள்ளிக்கூட கேட் வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அவர் உள்ளே ஒரு கால் வைத்ததும் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"பட்டாபி சார் தப்புப் பண்ணலைப்பா. நான்தான் மேத்ஸ்னு எழுதினேன். காப்பிலதான் பொய்."

அடிப்பார் என்று நினைத்தேன். வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய் ஏன் என்று மட்டும் கேட்டார். தவளையைச் சொன்னேன். வாந்தியெடுத்ததைச் சொன்னேன். அழுகையில் பாதி முழுங்கிப்போச்சு. ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. பயமா இருக்குன்னு சொல்லாதது உன் தப்பு."

ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மேலே எது வேணுமோ எழுதிக் கொடு, நான் பார்க்கலை, காப்பியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார்.

பட்டாபி சார் ரூம் பெஞ்சில் உட்கார்ந்தேன். மேத்ஸ் என்று எழுதத்தான் போனேன். பேனா நகரவில்லை. தவளையிடம்தான் பயம். டாக்டர் ஆகவேண்டாம் என்று நான் எப்போது நினைத்தேன்? அப்படி ஒரு நாளும் நினைக்கவில்லையே. பயாலஜிக்கு மாற்றித் தரவும் என்று எழுதிக் கொடுத்தேன்.

14 ஜூலை

அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

15 செப்டம்பர்

நாளைக்குத் தவளை. தூக்கம் வராது.

16 செப்டம்பர்

முதல் ஊசி குத்தும்போது கண்ணை மூடிவிட்டேன். மிஸ் திட்டினாள். பக்கத்து டேபிள் வள்ளி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் போகவில்லை. இதயம் அன்றைக்கு மாதிரியே துடித்தது. வாயெல்லாம் புளித்தது. ஆனால் பார்த்தேன், வரைந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நிறுத்தி, தலைக்குக் குளித்துவிட்டு வா என்றாள். பாக்ஸை அவளே வாங்கிப் புடைவைத் தலைப்பால் துடைத்துச் செருப்பு ஷெல்ஃபின் மேல்தட்டில், செருப்பில்லாத தட்டில், வைத்தாள்.

குளித்துவிட்டு வந்தால் அப்பா ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஜூனில் நான் பொய்யாக எழுதின அந்தக் காப்பி. பெயர் ஜலஜா, பாடம் பயாலஜி. அடியில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.