உபகரணம் ஏழு

நாள் 211. நேரம் 06:00. வழக்கமான பதிவு

நிலவின் தென்கோடி. பள்ளத்தின் விளிம்பில் உள்ள தொடர்பு நிலையம். எழுதுவது குற்றாலிங்கம், வயது ஐம்பத்தெட்டு, ஊர் செங்கோட்டை. சம்பளப் பட்டியலில் நிலையப் பராமரிப்பாளர். நானே எனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் விளிம்புச் சக்கரவர்த்தி. இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து நின்று படிக்கவும்.

அட்டவணைகள் காட்டப்பட்டன. இரண்டும் சரி.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த நிலையத்தின் மூளை சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு பழைய சில்லு. அதற்குத் தெரிந்தவை இரண்டே பட்டியல்கள். யாருக்கான சொல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது வழி அட்டவணை. இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்பது முகவரி அட்டவணை. கீழே பள்ளத்தில் பனி வெட்டும் ஆறு பேர், மேலே நான். அந்த ஆறு பேரில் ஒருவருடைய இருமல் பூமிக்குப் போக வேண்டுமென்றாலும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ‘காட்டு’ என்று தட்டுவேன். பெயர்கள் வரும். கையெழுத்துப் போடுவேன். இதற்காக நாலு லட்சம் கிலோமீட்டர் வந்திருக்கிறேன்.

நாள் 213. நேரம் 11:40. மரண அறிவிப்பு, இந்த வாரத்தில் நான்காவது

இன்றும் இறந்தேன்.

ஒவ்வொருவர் மார்பிலும் ஓர் அடையாள வில்லை உண்டு. சில்லு அடிக்கடி கூப்பிடும், வில்லை பதில் சொல்லும். இருபது நிமிடம் பதில் இல்லையென்றால் அந்த வரி அழிக்கப்படும். என் வில்லை ஆதிமனிதன் கழுத்தில் தொங்கியது. நினைத்தால் பேசும், நினைத்தால் மௌன விரதம். வரி அழிந்தால் காப்பி இயந்திரம் என்னை அறியாது, காற்றுக் கதவு என்னை அறியாது. இன்று இரண்டு கதவுகளுக்கு நடுவே நின்று, அண்டசராசரமும் கேட்கும்படி என் பெயரை நானே கூவினேன். அண்டத்தில் காற்றில்லை.

கீழிருந்து ஒலிபரப்பு: “அண்ணாச்சி, டேபிள்ல உங்க பேரக் காணோம். மறுபடியும் போய்ச் சேந்துட்டீயளா?”

முப்பிடாதி. துளைக் கருவி மெக்கானிக். வயது இருபத்தாறு, நாக்குக்கு எண்பது.

நான்: “ஆமா தாயி. பதினாறாம் நாளு மறக்காம வந்திரு.”

“சாப்பாடு உண்டுல்லா?”

நாள் 214. நேரம் 15:10. பட்டாபிஷேகம்

கையேட்டைப் படித்தேன். வந்து ஏழு மாதத்தில் முதல் முறை. ஒரு வரிக்கு ‘நிரந்தரம்’ என்று குறி போட்டுவிட்டால் சில்லு அதைக் கூப்பிட்டுப் பார்க்காது, அழிக்கவும் அழிக்காது. கம்பம், பம்பு, மூன்று விளக்குகள், பள்ளத்துக்கு ஏறி இறங்கும் கயிற்றுத் தொட்டியின் விசை ஆகிய ஆறும் அப்படித்தான் நிற்கின்றன. ஏழாவதாக என்னை எழுதினேன். சூரிய சந்திரர் உள்ளவரை என்று ராஜாக்கள் கல்லில் வெட்டுவார்களே, அதைப் போல. சந்திரன் என் செருப்புக்கு அடியில் இருக்கிறது, சூரியன் விளிம்பில் எட்டிப் பார்க்கிறது. சாட்சிகள் இருவரும் ஆஜர்.

அதோடு விட்டேனா? நிலையம் அணைந்து எழுந்தாலும் என் பெயர் நிற்கவேண்டும் என்று, தொடக்கக் கோப்பிலும் அதே வரியை எழுதிவைத்தேன். சோதிக்க ஒருமுறை அணைத்து எழுப்பினேன். கீழே உள்ள ஆறு பேரும் காணாமல் போய், வில்லைகள் பதில் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக வந்தது முப்பிடாதி. நானோ திரை விழித்ததுமே அங்கே வீற்றிருந்தேன். தேவர்கள் பூமாரி பொழிந்திருப்பார்கள், கூரை தடுத்துவிட்டது.

கீழிருந்து: “அண்ணாச்சி, எனக்கும் ஒரு பட்டா போட்டுக் குடுங்களேன். என் வில்லையும் மக்கர் பண்ணுது. கதவு தொறக்க மாட்டேங்கு.”

“பட்டா கண்டவுகளுக்கும் குடுக்கதா? ராஜவம்சம் வேணும்ளா.”

“உங்க ராஜ்யத்துல மொத்தமே ஒரு கக்கூசுதான இருக்கு அண்ணாச்சி.”

பட்டா மறுக்கப்பட்டது.

நாள் 230. நேரம் 09:05. அவசரம்

பிரதான மின்கலம் பிளந்துவிட்டது. காற்றும் சூடும் இனிச் சேமிப்பில்தான் ஓடும். சேமிப்பு ஒன்பது நாள். சில்லுக்கு மட்டும் கம்பத்தின் உச்சியில் தனியாக ஒரு சூரியத் தகடு உண்டு. மூளைக்குச் சாவில்லை, மற்றவர்களுக்கு உண்டு.

பள்ளத்துத் தலைவர் எபநேசர்: “அண்ணாச்சி, கப்பலுக்குச் சொல்லியாச்சா? பயப்படாதீய, எல்லாரும் ஒண்ணாப் போவோம்.”

சொல்லியாச்சு. மேலே சுற்றும் கப்பலில் ஆள் கிடையாது. என் அட்டவணையை அதுவே வாசித்துக்கொண்டு அதுவே முடிவெடுக்கும்.

கப்பல்: “நபர்கள் ஆறு. உபகரணங்கள் ஏழு. ஆறு இருக்கைக் கலம் அனுப்பப்படுகிறது. வருகை: நாள் 234, 14:00, விளிம்பு நிலையம். விதிகள் எட்டு, இணைப்பில்.”

விதிகளில் நாலு படித்தேன். கண் வலித்தது. நிறுத்திக்கொண்டேன்.

நாள் 230. நேரம் 09:50

நபர்கள் ஆறு என்கிறது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எபநேசர், முப்பிடாதி, மற்ற நால்வர். ஆறு.

உபகரணங்கள் ஏழு. கம்பம், பம்பு, மூன்று விளக்கு, விசை.

ஏழாவது நான். இரண்டாம் விதியில் இருக்கிறது, படித்திருக்கிறேன்: நிரந்தரம் என்று குறித்த முகவரிகள் உபகரணமாகக் கொள்ளப்படும். மனிதர்கள் வந்து போவார்கள், கம்பம்தான் வந்து போகாது. கப்பலின் தர்க்கத்தில் குற்றம் காண முடியவில்லை.

நாள் 230. நேரம் 10:20. மனு

நான்: “உபகரணம் ஏழு என்பது ஒரு மனிதர். பெயர் குற்றாலிங்கம். ரத்த அழுத்தம்கூட உண்டு.”

கப்பல்: “உபகரணம் ஏழின் புகார் பெறப்பட்டது. பராமரிப்புப் பிரிவு நாற்பது நாளில் பார்வையிடும்.”

பூமிக்கு எழுதினேன். அதுவும் கப்பல் வழியாகத்தான் போக வேண்டும். உபகரணப் புகார் என்று முத்திரை குத்தி அதே வரிசையில் போட்டுவிட்டது.

நாள் 231. நேரம் 07:30

என் நிரந்தரத்தை நானே அழித்தேன். ஒரே வரி, ஒரே தட்டு. வில்லையைத் துடைத்து, முத்தமிட்டு, கெஞ்சினேன். பதில் சொன்னது. அட்டவணையில் வந்துபோகிற மனிதனாக ஆனேன்.

கப்பல்: “நபர்கள் ஏழு. இருக்கைகள் ஆறு. கலம் புறப்பட்டுவிட்டது. அட்டவணையின் முதல் ஆறு பெயர்கள் ஏற்றப்படும்.”

அடிக்கடி விழுந்து எழுகிறவன் எப்போதும் கடைசி வரியில்தான் எழுவான். ஏழாவது நான்.

எபநேசரிடம் சொன்னால் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்பார். அவர் பெயர் வந்தால் சிரித்துக்கொண்டே இருந்துவிடுவார். அவ்வளவு நியாயமானவர். நியாயமானவர்களைக் கண்டால் எனக்குப் பயம். என் பெயர் வந்தால்?

சொல்லவில்லை.

நாள் 233. நேரம் 10:15. தானப் பத்திரம்

முதல் ஆறில் ஒருவர் உபகரணமாகிவிட்டால் ஏழாவது ஆறாவதாகும். இந்தக் கணக்கைப் போட எனக்கு இரண்டு நாள் ஆகவில்லை. இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டேன். மிச்ச நேரமெல்லாம் போடாத மாதிரி நடித்ததில் போயிற்று.

யாரை? கேட்டவருக்குத்தானே கொடுக்க வேண்டும்.

நான்: “ஏளா முப்பிடாதி. பட்டா கேட்டியே, இன்னும் வேணுமா?”

“என்ன அண்ணாச்சி, சாகப்போற நேரத்துல தாராளம்?”

“போற நேரத்துல உன் வில்ல மக்கர் பண்ணுனா என்ன செய்வ? கலத்துக் கதவு தொறக்காதுல்லா. நிரந்தரமாப் போட்டுட்டா நீ விழவே மாட்ட.”



“எனக்கும் அந்தப் பயந்தான் அண்ணாச்சி. ரெண்டு நாளாத் தூங்கல. யார்ட்டயும் சொல்லல. நீங்களா நெனச்சுச் செய்யுதீயளே.”

தட்டினேன்.

“நாளைக்கு வரும்போது பனிக்கட்டி ஒண்ணு கொண்டாரேன். கலத்துல போகும்போது காப்பி போட்டுக் குடிப்போம், என்ன?”

கப்பல்: “நபர்கள் ஆறு. உபகரணங்கள் ஏழு. சரி.”

சக்கரவர்த்தி இன்று காப்பி குடிக்கவில்லை.

நாள் 234. நேரம் 13:38

ஆறு பேரும் கயிற்றுத் தொட்டியில் மேலே வந்துவிட்டார்கள். சன்னலுக்கு வெளியே நிற்கிறார்கள். அவள் கையை ஆட்டுகிறாள், இன்னொரு கையில் பனிக்கட்டி. தேங்காய் அளவு இருக்கும்.

வில்லையை மார்போடு ஒட்டி நாடா சுற்றியிருக்கிறேன். ஆறாவது வரியில் என் பெயர். நான் மூச்சுவிட்டால் அது விழுந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்து மூச்சுவிடுகிறேன்.

13:44

திரை கறுத்துவிட்டது. நான் எதையும் தொடவில்லை.

கப்பல்: “ஏழாம் விதிப்படி இறுதி வாசிப்புக்கு முன் நிலையம் அணைத்து எழுப்பப்படுகிறது. வாசிப்பு முடியும் வரை விசைப்பலகை பூட்டப்படும்.”

ஏழாம் விதி. நான் நாலோடு நிறுத்தியவன்.

13:46

திரை விழித்தது. கம்பம் முதலான ஆறுக்கும் கீழே ஒரே ஒரு ஆள் பெயர்.

குற்றாலிங்கம். நிரந்தரம்.

அட்டவணையில்தான் அழித்தேன், கோப்பில் அழிக்கவில்லை. கல்லில் வெட்டியது நின்றுவிட்டது. அவளுக்குப் போட்டதை நான் கோப்பில் எழுதவில்லை. அது போய்விட்டது. விசைகள் உடைந்துவிடும் போலக் குத்தினேன். இதைக் கையால் காகிதத்தில் எழுதுகிறேன்.

13:57

அட்டவணையில் எபநேசர் வந்துவிட்டார். மற்ற நால்வரும் வந்துவிட்டார்கள். அவள் வரி இன்னும் வரவில்லை. வெளியே தன் வில்லையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் வராவிட்டாலும் எனக்கு ஒன்றும் கிடைக்காது. நான் உபகரணம்தான். இருந்தாலும் வராதே, வராதே என்றுதான் வேண்டினேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

13:59

வந்துவிட்டாள்.

நாள் 234. நேரம் 14:20

கலம் வந்து இறங்கியது. ஆறு பேரும் ஏறிய பிறகு, கடைசியாக அதன் கதவருகே போனேன்.

கலம்: “உபகரணங்கள் ஏற்றப்படமாட்டா.”

எபநேசர்: “என்ன இது? உள்ள ஆறு சீட்டுதான் இருக்கு. நாம ஏழு பேருல்லா. அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியுமா இது?”

“தெரியும்” என்றேன். அது ஒன்றுதான் இன்று சொன்ன உண்மை.

முப்பிடாதி: “அப்போ நேத்து எனக்குப் பட்டா போட்டது... அண்ணாச்சி. உங்க எடத்தையா எனக்குத் தந்தீய?”

எபநேசர் இறங்கப் பார்த்தார், கதவு விடவில்லை. கதவு மூடும்போது கத்தினார்.

“செங்கோட்டை முக்குல உங்களுக்குச் செல வைப்போம் அண்ணாச்சி. சத்தியமா வைப்போம்.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது, வழி இருந்தது, வழி அட்டவணையே என் கையில் இருந்தது.

“குதிரையோட வைங்க” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே அழுதது கேட்டது. கதவு மூடுமுன் பனிக்கட்டியை வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நாள் 237. நேரம் 06:00

அட்டவணை காட்டப்பட்டது. கம்பம், பம்பு, விளக்கு, விளக்கு, விளக்கு, விசை, நான்.

பூமியிலிருந்து நாளுக்கு நூறு வாழ்த்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடி அனுப்பியிருக்கிறார்கள். என் பெயரை ஒரு சாலைக்கு வைத்துவிட்டார்களாம். என்னை அழைத்துப்போக ஒரு கலம் கேட்டு முப்பிடாதி ஓயாமல் மனுப் போடுகிறாள். ஒவ்வொரு மனுவையும் கப்பல் உபகரண வரிசையில்தான் போடுகிறது.

விசைப்பலகை திறந்துவிட்டது. கோப்பில் என் வரியை அழிக்கலாம். ஆனால் இன்னொரு கலம் வர நாலு நாள், சேமிப்பு இரண்டே நாள். அழித்தால் வில்லை பேசுகிற வரை மனிதன், பேசாவிட்டால் யாருமில்லை. விட்டுவைத்தேன். கம்பமாகவாவது இருக்கிறேனே.

நாள் 239

சூடு நின்றது. விரல் மடங்கவில்லை. எழுத்து கோணல்.

அட்டவணையை இனிச் சில்லே காட்டி அதுவே பதிந்துகொள்ளும்படி அமைத்துவிட்டேன்.

பனிக்கட்டியை உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன். உருகவே இல்லை. காப்பி இயந்திரம் என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொல்லுகிறது. தண்ணீர்தான்

கண்டெடுப்பவர் அவளிடம் இந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டாம். இல்லை, காட்டவும். இல்லை. குதிரை மட்டும்

நாள் 240. நேரம் 06:00. தானியங்கிப் பதிவு

அட்டவணை காட்டப்பட்டது. குற்றாலிங்கம்: உள்ளார். நிரந்தரம்.

நாள் 255. நேரம் 06:00. தானியங்கிப் பதிவு

அட்டவணை காட்டப்பட்டது. குற்றாலிங்கம்: உள்ளார். நிரந்தரம்.

நாள் 270. நேரம் 06:00. தானியங்கிப் பதிவு

அட்டவணை காட்டப்பட்டது. குற்றாலிங்கம்: உள்ளார். நிரந்தரம்.

கப்பல்: “உபகரணம் ஏழு மீதான புகார்கள் பரிசீலிக்கப்பட்டன. அட்டவணைப்படி உபகரணம் ஒரு நாளும் தவறாமல் இயங்கிவருகிறது. நேரில் பார்வையிடத் தேவையில்லை. வருகை ரத்து.”