ஒயின் கறை படிந்த மேஜைத்துணி

அன்புள்ள டாலியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் என் வலது முழங்காலும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு நலமாகவே இருக்கிறோம், டொராண்டோவில் நீ இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். மெல்பர்னில் காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது. பெசாக் பண்டிகைக்கு இன்னும் ஒன்பது நாள், வீட்டில் ரொட்டித் துணுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன், உன் அறையையும்தான், அங்கே யாரும் ரொட்டி தின்று ஆறு வருஷம் ஆகிறது.

உன் கலைப்படைப்பு இங்கே வந்திருப்பதை நீ சொல்லவில்லை. உன் அத்தை ரோஸ்லின்தான் போன் செய்து, "உங்க பொண்ணு வரலைன்னா என்ன அண்ணி, அவ சாமான் வந்திருக்கு, போய்ப் பாருங்க" என்றாள். போனேன். நம் ஆட்கள் நடத்தும் யூதக் கலைக்கூடத்தில், நம் பண்டிகைகளை வைத்து இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்தவை. ஒருவன் கடைத் தள்ளுவண்டிகளை அடுக்கிக் கூடாரப் பண்டிகைக் குடில் கட்டியிருந்தான், கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டிய இடத்தில் டியூப்லைட் தெரிந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனால் அங்கே சுவரில் என் மேஜைத்துணி. என் கல்யாணத்துக்கு வந்த துணி. அப்பா உட்காரும் இடத்தில் எத்தனை துவைத்தும் போகாத அந்தக் கறைகள். பெசாக் விருந்தில் எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது, அந்த ஊர்க்காரர்கள் பட்ட துன்பத்தை நினைத்து எல்லோரும் ஒயினில் விரல் நனைத்துத் தட்டில் சொட்டு விடுவோம், அவர் மட்டும் துணியில் விடுவார், நான் வருஷா வருஷம் திட்டுவேன், "அடுத்தவன் பட்ட பாடு தட்டைக் கழுவுனா போயிடுமா?" என்பார். ஒவ்வொரு கறையைச் சுற்றியும் நீ சிவப்பு நூலால் தைத்திருக்கிறாய். தையல் நன்றாக இருக்கிறது, அது வேறு எரிச்சல். கீழே அட்டையில், என் அப்பா பார்சலில் அனுப்பிய துணி என்று போட்டிருக்கிறாய்.

பண்டிகைக்கு வராதவளுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூடப் போகாது என்று சொன்னவள் நான்தான். துணி காணாமல் போனபோது அவரைக் கேட்டேன். "பழைய துணி மூட்டையோட தெரியாம தர்மத்துக்குப் போட்டுட்டேன் கித்தா" என்றார். இரண்டு வருஷம் அதைச் சொல்லிக் காட்டினேன், வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவர் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டபோதும், "என் மேஜைத்துணியத் தொலைச்ச கைதானே" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். துணி எங்கே என்று உனக்குத் தெரியும் டாலியா. துக்கத்துக்கு உட்கார்ந்த ஏழு நாளும் போனில் பேசினாயே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். யார் யாரோ வந்து படிக்கிற அட்டையில் எழுத முடிந்தது, எனக்குச் சொல்ல முடியவில்லை. நான் கறையில் விரல் வைத்தேன். அங்கே நின்ற காவல்காரப் பெண், "தொடக் கூடாதும்மா" என்றாள். "நாப்பது வருஷம் நான் துவைச்ச துணிம்மா இது" என்றேன். "இருக்கட்டும்மா, தொடாதீங்க" என்றாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன், உன்மேல் கோபம் பாதி, என்மேல் பாதி.

இந்த வருஷம் விருந்துத் தட்டில் வைக்கும் கசப்புக் கிழங்கை நான்தான் துருவ வேண்டும், அது அவர் வேலை. புது வெள்ளைத்துணி வாங்கியிருக்கிறேன். பத்துச் சொட்டையும் தட்டில் விடாமல் அதிலேயே விடப்போகிறேன், திட்டுகிறவள் நானேதானே. அடுத்த மாதம் அவர் நினைவு நாள், முந்தின நாள் மாலையே விளக்கேற்றிவிடு, தேதியை மறக்காதே. நம் ஆதித் தாய்மார் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல ஆண்டவர் உன்னை வைக்கட்டும். பண்டிகைக்கு வருவதானால் சொல். வரவில்லை என்றால், கறை காய்ந்ததும் இந்தத் துணியையும் பார்சலில் அனுப்பிவிடுகிறேன், நூல் உன்னிடம் இருக்குமே.

உன் அம்மா,
கித்தா